ஏரிக்கரைக் காலேஜுக்கு ஒரு போட் எஞ்சின்



தலைப்பைப் பார்த்ததும், "என்னடா இவன், கடலே இல்லாத ஆவடியில் உட்கார்ந்துகொண்டு போட் எஞ்சின் கேட்கிறான்!" என்று சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நம் ஒர்க் ஷாப்பில் லேத் இருக்கிறது, ஷேப்பர் இருக்கிறது, பாதியாக வெட்டி பெயின்ட் அடித்து வைத்த பெட்ரோல் எஞ்சின்கூட இருக்கிறது. அவற்றோடு ஒரு அவுட்போர்டு மோட்டாரும் வேண்டும். டிப்ளமா வாங்கிக்கொண்டு வெளியே போகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதன் புரொப்பல்லரைத் தன் கையால் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

கடல் இல்லை, சரி. தண்ணீர் இல்லையா? அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி பக்கம் செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்கு நடுவில்தான் நாம் குடியிருக்கிறோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் போனது. அந்த நாட்களில் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து சென்னைத் தெருக்களில் ஓட்டி ஜனங்களைக் காப்பாற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. நாம் தினமும் ஏறுகிற அதே ரயில் பாதைதான்! ஆகவே போட் எஞ்சின் நமக்கு அந்நியச் சரக்கு அல்ல.

தெருவில் ஓடும் படகுக்குக் கடலில் இல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கல், காம்பவுண்டுச் சுவர், முழுகிப்போன ஸ்கூட்டர், கேபிள், புடவை எதுவும் இருக்கலாம். முதலில் அடி வாங்குவது புரொப்பல்லர்தான். மீனவர் பேச்சில் சொன்னால், விசிறி. விசிறி நின்றால் படகு வெறும் பெட்டி. உள்ளே பத்துப் பேர் இருந்தாலும் தண்ணீர் இழுத்த பக்கம்தான் போகும்.

அதனால்தான் சிறிய எஞ்சின்களில் ஷியர் பின் என்று ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள். விசிறி எதிலாவது மோதினால் இந்தப் பின் முதலில் உடைந்து, கியரையும் ஷாஃப்டையும் காப்பாற்றிவிடும். பெரிய எஞ்சின்களில் இந்த வேலையை விசிறியின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் செய்கிறது. அவசரத்துக்கு ஒரு இரும்பு ஆணியை அடித்து ஓட்டுகிறவர்களும் உண்டு. படகு அன்றைக்கு ஓடத்தான் செய்யும். அடுத்த கல்லில் கியர்பாக்ஸே போய்விடும்.

காசிமேட்டில் போட் மெக்கானிக்காக இருக்கும் என் தாய்மாமன் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். பூஜை லீவில் அவரிடம் போயிருந்தபோது, "மாப்ளே, பின்னு ஒடஞ்சா சில்லறை, கியரு ஒடஞ்சா பொழப்பு" என்றார். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஷியர் ஸ்ட்ரெஸ் என்று பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, அது எதற்கு என்று புரிந்தது அன்றைக்குத்தான்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். முதலில் எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்சின் கயிற்றை உருவி, பிளக் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். விசிறியைக் கையால் சுற்றும்போது எஞ்சின் உயிர் பெற்றால் விரல் போய்விடும். விசிறிக்கும் அதன் மேலிருக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் விசிறி சுற்றாது. பிறகு ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி, வாஷர்கள் வந்த வரிசையிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு, விசிறியை இழுத்தால் வந்துவிடும். ஷாஃப்டில் நைலான் நூல் சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது ஆயில் சீலை அறுத்துவிட்டால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்துவிடும். துடைத்து, கிரீஸ் தடவி, புது விசிறியை மாட்டி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். பழைய பின்னை மறுபடி வளைத்து மாட்டவே கூடாது.

எந்த விசிறியை மாட்டுவது? இங்கேதான் நம் படிப்பு வேண்டும். விட்டம், பிட்ச் என்று இரண்டு அளவுகள் உண்டு. பிட்ச் 9 அங்குலம் என்றால், வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குப் படகு 9 அங்குலம் முன்னேற வேண்டும். எஞ்சின் 5,000 சுற்று, கியர் விகிதம் 2-க்கு 1 என்றால் விசிறி 2,500 சுற்று. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் வரும். தண்ணீர் வழுக்குவதால் நிஜத்தில் குறையும். ஆள் ஏற்றி இழுக்கும் படகுக்குப் பெரிய பிட்ச் போட்டால் எஞ்சின் திணறும், ரொம்பச் சின்ன பிட்ச் போட்டால் அளவுக்கு மீறி அலறும். ஒரே ஒரு வேலைக்குள் டார்க், கியர், உராய்வு, துரு என்று எத்தனை பாடம் பாருங்கள்!

இதெல்லாம் மெக்கானிக் வேலை, இன்ஜினீயர் வேலையா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்று ஒரு விவசாயி இருந்தார். 1836-இல் கப்பலைச் செலுத்தும் திருகுக்குப் பேடன்ட் வாங்கினார். 1837-இல் லண்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது மரத்தால் செய்த அந்தத் திருகில் பாதி உடைந்து விழுந்தது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது! உடைந்த துண்டைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார். நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் பொறியாளர்களும் கடற்கரைக்கே போய் வேலை செய்தவர்கள்தாம். கரையில் இழுக்கும்போது விசிறி மணலில் அடிபடுகிறது என்று கண்டு, எஞ்சின், ஷாஃப்ட், விசிறி மூன்றும் ஒன்றாகச் சாய்ந்து மேலே தூக்கிக்கொள்ளும் படகை உருவாக்கினார்கள். கையில் கிரீஸ் படாமல் இதெல்லாம் வருமா?

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "நீயாவது கையில அழுக்குப் படாத வேலைக்குப் போடா" என்பது எங்கப்பாவின் ஆசை. தொழிற்பேட்டையில் இருபது வருஷம் அழுக்குப் பட்ட கை அது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அழுக்கில் கேவலம் இல்லை, அந்த வேலைக்கு மரியாதையும் கூலியும் கிடைக்காததில்தான் கேவலம் என்று அவருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். மாமாவின் கையும் நம் கணக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அந்த மரியாதை தானாக வரும்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். புது எஞ்சின் வேண்டாம், ஓடாத பழைய எஞ்சின் ஒன்று போதும். பிரின்சிபால் அவர்களிடம் மனு கொடுப்போம். காசிமேட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து, வாத்தியார் நாற்காலியில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்வோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் நம்மில் பத்துப் பேராவது ஒரு விசிறியை மாற்றத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது யாருடையது?