பின்சக்கர விசையும் வழுக்கும் வழியும்

நம் கல்லூரியிற் பயின்று, இப்போது கனடா நாட்டு டொராண்டோ நகரில் வாழும் அன்பரொருவர் சென்ற கார்த்திகைத் திங்களில் எமக்கொரு கடிதம் விடுத்தார். அவர் போடிநாயக்கனூரிற் பிறந்தவர். அவர்தம் தந்தையார் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பு ஓட்டி மக்களை வளர்த்தவர். மைந்தரோ நெடுநாள் ஆசை தீர, இரண்டே கதவுகளும் நீண்ட முன்புறமுங் கொண்ட ‘ஸ்போர்ட்ஸ் கூபே’ என்னும் விரைவு வண்டியொன்றை வாங்கினார். அதன் எஞ்சின் முன்னே இருக்கிறது; விசையோ பின்சக்கரங்களுக்குச் செல்கிறது. “பனிக்காலம் வருமுன் இதனை விற்றுவிடு, பின்சக்கர வண்டி பனியில் உன்னைக் கொன்றுவிடும்” என்று அண்டை வீட்டார் அனைவரும் கூறுகின்றனராம். ‘ஐயா, தங்கள் கருத்து யாது?’ என்று வினவியிருந்தார். உராய்வைப் பற்றி அவருக்குப் பாடஞ் சொன்னவர்கள் யாமாதலின், இவ்வினா எம்பால் வந்தது. அப்பாடத்தில் அவர் பெற்ற மதிப்பெண்களை இங்கே வெளியிடோம்.

பனி என்ற ஒரு சொல்லைக்கொண்டே நாம் பலவற்றைச் சுட்டுகின்றோம். புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. போடிமெட்டில் வழியை மறைக்கும் மூடலும் பனி. மூணாற்றின் உயர்ந்த தோட்டங்களில் தை மாத விடியலில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியும் பனி. டொராண்டோவில் முழங்காலளவு கிடப்பதும் பனியே. போடிச் சரிவில் இக்கடைசிப் பனி இல்லை. எனினும், வழுக்கும் சாலையில் பின்சக்கர வண்டியைச் செலுத்துங் கலையை அவ்வூரார் அறிந்த அளவுக்கு அறிந்தவர் சிலரே என்பது எம் துணிபு.

போடியிலிருந்து முந்தலைக் கடந்து போடிமெட்டு வரை இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வழி. அதற்குள் 17 கொண்டையூசி வளைவுகள். ஏற்றமோ ஏறக்குறைய 1,000 மீட்டர். மேலைப் பருவக்காற்றின் மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறிமாறி நனைக்கும் சாலை. பாறையும் மண்ணும் சரிந்து போக்குவரத்து நின்ற நாட்களும் பல. இவ்வழியே விடியற்காலையில் காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி, மாலையில் இறங்குகின்றன. அவற்றுட் பல பின்சக்கர விசையே உடையன. நான்கு சக்கர விசையுள்ள பழைய ஜீப்பிலுங்கூட, தனிக்கோலை மாற்றினாலன்றி விசை பின்சக்கரங்களுக்கே செல்லும். 2014 வரை நம் நாட்டிற் செய்யப்பெற்ற அம்பாசடர், அதற்கு முன்னரே நின்றுபோன பிரீமியர் பத்மினி, சென்னையிற் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய யாவும் அவ்வகையினவே. 1983இல் மாருதி 800 வந்த பின்னரே முன்சக்கர விசை நம் சாலைகளிற் பெருகிற்று. ஆகவே நம் தந்தையர் மலையேறியதெல்லாம் பின்சக்கரங்களின் தள்ளுதலால்தான்.

அண்டை வீட்டார் கூற்றில் உண்மை சிறிதுமில்லையோ? உண்டு. எஞ்சினின் பாரம் முன்னே இருக்க, தள்ளவேண்டிய சக்கரங்கள் பின்னே இலேசாக நிற்கின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வெண் 0.7 அல்லது 0.8 இருக்கும், இறுகிய பனியில் 0.2 என்று கொள்ளலாம். கண்ணாடிபோன்ற உறைநீரில் 0.1 தான். வண்டியின் பாரத்திற் பாதி பின்சக்கரங்களின் மேல் இருப்பின், இறுகிய பனியில் அது பெறக்கூடிய தள்ளுவிசை தன் பாரத்திற் பத்திலொரு பங்கே. அதாவது, பத்தடிக்கு ஓரடி உயரும் சாலையை அடைந்ததும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மேலும், வளைவில் விசையை மிகுத்தால் முன்சக்கர வண்டி நேரே ஓட முயலும். பின்சக்கர வண்டியோ வால் வீசித் திரும்பிவிடும். பழகாதவனுக்கு இவ்விரண்டாவது தீங்கே கொடிது. இதனை யாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்போம். பனியில் மக்கள் உயிரிழப்பது வண்டி புறப்பட மாட்டாமையாலா, நிற்க மாட்டாமையாலா? புறப்படாத வண்டி வீட்டு வாசலிற் கிடக்கும். அதனால் ஒருவர்க்கும் கேடில்லை. நிற்க வேண்டியபோது பிரேக்கு நான்கு சக்கரங்களையும் பிடிக்கின்றது. விசை எச்சக்கரத்திற் செல்கின்றதென்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி உலர்ந்த சாலையில் 9 மீட்டரளவில் நிற்கும். இறுகிய பனியில் 31 மீட்டர் வேண்டும். உறைநீரில் 60 மீட்டரையுங் கடந்து செல்லும். நான்கு சக்கர விசையுள்ள பெருவண்டியை வாங்கினாலும் இக்கணக்கு மாறுவதில்லை. அவ்வண்டி எளிதிற் புறப்படுவதால், சாலை நன்றாகவே உள்ளதென்று ஓட்டுபவன் மயங்கவும் கூடும். அம்மயக்கத்தை யாம் பின்சக்கர விசையினும் அஞ்சுகின்றோம்.

கணக்கை மாற்றுவது டயர் ஒன்றே. கோடைக்கெனச் செய்த டயரின் ரப்பர், குளிர் 7 பாகைக்குக் கீழிறங்கினால் விறைத்துப் பிடிப்பை இழக்கும். விரைவு வண்டிகள் பெரும்பாலும் அத்தகைய அகன்ற டயருடனேயே விற்கப்படுகின்றன. குளிர்கால டயரோ மென்மை குன்றாத ரப்பராலும், பனியைக் கவ்வும் நுண்ணிய வெட்டுக்களாலும் ஆயது. பின்லாந்து நாட்டார் இத்தகைய டயரை 1934இலேயே செய்தனர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இதனை மாட்டாமல் ஓட்டுதல் சட்டப்படி குற்றம். டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோவில் அத்தகைய கட்டாயமில்லை. மாட்டினவர்க்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு கொடுக்க வேண்டுமென்ற விதி மட்டும் 2016 முதல் இருந்து வருகின்றது. சட்டம் வற்புறுத்தாத இடத்திலேதான் அறிவு தேவைப்படுகின்றது.

பனியிற் பின்சக்கர வண்டி பயனற்றதென்பாரை மாண்டி கார்லோ பந்தயத்தை நோக்கச் சொல்வோம். பனிபடர்ந்த மலைச்சாலைகளில் நிகழும் அப்பந்தயத்தில் 1968, 1969, 1970 ஆகிய மூன்றாண்டும் போர்ஷே 911 வென்றது. 1975 முதல் 1977 வரை லான்சியா ஸ்ட்ராட்டோஸ் வென்றது. இரண்டும் பின்சக்கர விசையின. ஆயின் அவற்றின் எஞ்சின் இருந்தது ஓட்டுபவர்க்குப் பின்னே. பாரம் தள்ளுகின்ற சக்கரங்களின்மேல் அமர்ந்திருந்தது. நம் அன்பரின் வண்டிக்கு அந்நலம் இல்லை. அக்குறைக்கு அந்நாட்டார் மணல்மூட்டை வைப்பர். அச்சுக்கு நேர்மேலே வைத்து, நகராதபடி கட்டிவிட்டால் நன்று.

மூட்டை என்றதும் எம் எண்ணம் மீண்டும் போடிக்கே திரும்புகின்றது. பாரம் பின்னே ஏறினால் பின்சக்கரம் நன்கு பிடிக்கும். ஆகையாற்றான் ஆட்கள் நிறைந்த ஜீப்பு ஈரமான ஏற்றத்தில் அசையாமல் ஏறுகின்றது. ‘இத்தனை பேரை ஏற்றியும் வண்டி திணறவில்லையே’ என்ற செருக்கு இவ்விடத்திலே பிறக்கின்றது. பின்னச்சுக்கும் அப்பால், படியிலும் பின்பலகையிலும் ஆட்கள் தொங்கும்போது வண்டியின் முன்புறம் இலேசாகின்றது. திருப்புஞ் சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன. ஏறும்போது தெரியாத அக்குறை, மாலையில் மழையோடு இறங்கும்போது வளைவில் வெளிப்படுகின்றது. தோட்டத்துப் பெண்டிர் ஜீப்பு கவிழ்ந்து இறந்த செய்திகளை அப்பக்கத்தார் பலமுறை படித்துள்ளனர். கூலி நாளுக்கு நாளாதலால், இடமில்லையென்று ஒருத்தியைக் கீழே விட்டுச் சென்றால் அவள் வீட்டில் அன்று அடுப்பெரியாது. அதனாலேயே ஓட்டுநரும் மறுப்பதில்லை, அவளும் அஞ்சுவதில்லை. மலைக்கு மறுபுறம் உள்ள தோட்டத்தார் தம் காய்க்கு ஆள் தேடுங்கால், வண்டிக்கூலியை இரண்டாம் வண்டிக்கும் சேர்த்துக் கொடுப்பார்களாயின் இவ்வழக்கம் நிற்கும். போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் போகும் விலையைக் கண்டவர்கள், அதற்கு வழியில்லையென்று சொல்ல மாட்டார்கள்.

மொட்டை டயரைப் பற்றியும் யாம் நாணத்தோடு ஒன்று கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில் எம்முடைய அம்பாசடரில் போடிமெட்டிலிருந்து இறங்கினோம். பின் டயர்களின் வரிகள் தேய்ந்திருந்ததை அறிந்தும், தீபாவளிச் செலவு கழியட்டுமென்று மாற்றாதிருந்தோம். ஒரு வளைவில் வேகத்தைக் குறைக்கக் கருதி, மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதற்குச் சடக்கென மாற்றினோம். எஞ்சினின் தடை பின்சக்கரங்களில் மட்டும் விழுந்தது. வால் வெளியே வீசிற்று. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இப்பால் குறுக்காக நின்றோம். பின்னே வந்த ஜீப்பின் ஓட்டுநர் இறங்கி வந்து, டயரைத் தடவிப் பார்த்து, “சார், ஏறுற கியர்லயே இறங்கணும், அதையும் மேலயே போட்டுக்கணும், வளைவுல போடக்கூடாது” என்று சொன்னார். உராய்வைப் பற்றி முப்பதாண்டு கற்பித்த எமக்கு அது புதுப்பாடமாயிற்று. அவர்தாம் இக்கடிதம் எழுதிய அன்பரின் தந்தையார்.

ஆகவே யாம் விடையெழுதினோம்: வண்டியை விற்க வேண்டா, குளிர்கால டயர் நான்கும் வாங்குக, பின்னிரண்டு மட்டும் போதுமென்று மிச்சம் பிடிக்க வேண்டா, ஆளற்ற பெருவெளியில் ஒருநாள் முழுதும் வண்டியை வேண்டுமென்றே வழுக்கவிட்டுப் பழகுக, உறைமழை பெய்யும் நாளிற் பேருந்தில் செல்க. வீடு செங்குத்தான தெருவில் இருப்பின் மட்டும் எம் சொல்லைத் தள்ளி, அண்டை வீட்டார் சொல்லைக் கேட்க.

மாசி மாதத்தில் மறுமொழி வந்தது. டயர் வாங்கிவிட்டாராம், மணல்மூட்டையும் வைத்தாராம். இருமுறை வீட்டு வாசலிலேயே சக்கரம் சுழன்று நின்றதாம். அவ்விருமுறையும் அண்டை வீட்டார்தாம் தள்ளிவிட்டார்களாம். ஊரில் தம் தம்பி ஓட்டும் ஜீப்புக்கும் புது டயர் வாங்கப் பணம் அனுப்பியிருப்பதாகவும், அவன் அதனை டயருக்கே செலவிட்டானா என்பதை நேரிற் கண்டு எழுதுமாறும் எம்மைக் கேட்டிருக்கின்றார். வரும் விடுமுறையில் போடிக்குச் செல்கின்றோம்.