நாத்திகன் சொல்லை நம்பலாமா?



மதத்தை விட்டு வெளியேறின ஒருவனைப் பார்த்து வைதீகர்கள் முதலில் கேட்கின்ற கேள்வி, "கடவுள் உண்டா, இல்லையா?" என்பதல்ல. "கடவுளுக்குப் பயப்படாத உன் சொல்லை எப்படி நம்புவது? உனக்குக் கடன் கொடுக்கலாமா? பெண் கொடுக்கலாமா?" என்பதுதான். சென்ற மாதம் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி இல்லை என்கிறீர்கள், சரி தம்பி, அப்புறம் திருடாமல் இருப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது?" என்று மெய்யான கவலையோடு கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. ஆதலால் மரியாதையாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டோம்.

"ஐயா, பக்கத்து வீட்டுத் தொழுவத்து மாட்டை நீங்கள் அவிழ்த்துக்கொண்டு போகாமல் இருப்பது நரகத்துக்குப் பயந்துதானா?" என்று கேட்டோம். "அதெப்படி, பிள்ளைகள் இருக்கிற வீடாயிற்றே!" என்றார். தோழர்களே, அந்தப் "பிள்ளைகள் இருக்கிற வீடு" என்கின்ற எண்ணத்திற்குப் பெயர்தான் ஒழுக்கம். அதில் சாமி எங்கே வந்தது? நரகம் எங்கே வந்தது? பிறர் படும் துன்பம் தன் மனத்தில் உறைப்பதுதானே அங்கே வேலை செய்தது?

மதம் சொல்லும் பயமோ காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளக்கூடிய பயமாகும். காலையில் தராசுக்குக் கற்பூரம் காட்டிய வியாபாரி அதே தராசில் எடை குறைத்து நிறுக்கிறான். வருஷக் கடைசியில் உண்டியலில் ஒரு பங்கைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். அரிசி குறைந்து போனது கூலிக்காரிக்கு. மன்னிப்பு வந்ததோ மலைமேல் இருக்கிற சாமியிடமிருந்து! நஷ்டப்பட்டவளைக் கேட்காமல் மன்னிப்பதற்கு மூன்றாவது ஆளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? கடவுளை நம்பாதவனுக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது. அவன் குறைத்த அரிசியை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்துத்தான் தீர வேண்டும்.

நிற்க. நாத்திகன் சொல்லை நம்ப முடியாதென்பதை இங்கிலாந்து தேசத்தார் சட்டமாகவே வைத்திருந்தார்கள். 1869-ம் வருஷச் சட்டம் வருமட்டும் அங்கே கடவுள் நம்பிக்கையற்றவன் கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியாது. 1880-ல் நார்த்தாம்ப்டன் ஊரார் சார்லஸ் பிராட்லா என்னும் பகுத்தறிவுவாதியைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொண்டு பைபிளை முத்தமிட்டுச் சத்தியம் செய்திருந்தால் அன்றைக்கே ஆசனத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவரோ, கடவுள் பேரால் சொல்லும் வார்த்தைக்குத் தன்னிடத்தில் அர்த்தமில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி, உறுதிமொழி கூறவே அனுமதி கேட்டார். மறுத்தார்கள். பிறகு சத்தியமே செய்கிறேன் என்று முன்வந்தபோது, நாத்திகன் செய்யும் சத்தியம் செல்லாதென்றார்கள். மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்தும் வைத்தார்கள். அந்த ஊராரோ மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனுப்பினார்கள். 1886-ல்தான் அவர் தடையின்றி ஆசனத்தில் அமர முடிந்தது. உறுதிமொழி கூறும் உரிமை 1888-ல் சட்டமாயிற்று. பொய் சொல்லுகிற நாத்திகனுக்குக் கதவு திறந்திருந்தது. உண்மை சொன்ன நாத்திகனுக்கு அடைபட்டது. இதில் யோக்கியன் யார், அயோக்கியன் யார்?

இக்காலத்திலேயே நம் சென்னையிலும் "தத்துவ விவேசினி" என்னும் பத்திரிகை இத்தகைய கருத்துக்களைத் தமிழில் பரப்பி வந்தது. இன்று நம் நாட்டில் சட்டசபை அங்கத்தினர் கடவுள் பேரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். 1950-ம் வருஷ அரசியல் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே மதிக்கிறது. 1969-ம் வருஷச் சட்டப்படி கோர்ட்டுச் சாட்சிக்கும் இந்த உரிமை உண்டு. அதனால் நியாய ஸ்தலங்கள் இடிந்தா விழுந்துவிட்டன?

மற்றொன்றையும் யோசியுங்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை மதத்தின் பேரால் காப்பாற்ற முயன்றார்கள். 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் அதை ஒழித்தது. தீண்டாமையைச் சாஸ்திரத்தின் பேரால் காப்பாற்றினார்கள். அதை ஒழித்ததும் மனிதர் செய்த சட்டமேயன்றி வேதமல்ல. ஆகவே ஒழுக்கத்திற்கு மதம் வாத்தியாராய் இருக்கவில்லை. மனிதனுடைய நியாய புத்திதான் மதத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

ஆனால் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டதனாலேயே ஒருவன் யோக்கியனாகிவிட மாட்டான். விபூதியை அழித்துவிட்டு ஜாதியை வைத்துக்கொண்டிருப்பவனும், மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் பெண்சாதியை அடிப்பவனும், வாங்கின கடனுக்கு ஒளிகிறவனும் பத்துப் புராணப் பிரசங்கிகள் சேர்ந்தும் செய்ய முடியாத கெடுதியை இயக்கத்திற்குச் செய்கிறார்கள். நமக்கு மேலே கணக்கெழுதச் சித்திரகுப்தன் இல்லை. அதனாலேயே நம் கணக்கை நாமே சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவர் நம் சொற்பொழிவைக் கேட்டு முடிவு செய்யப் போவதில்லை; அவ்வூர்த் தோழர்கள் நாளைக்கு எப்படி நடந்துகொள்ளுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அப்படிப் பார்ப்பதுதான் நியாயமும் ஆகும்.