எரிந்தது ஒன்று, கெட்டது வேறொன்று

புதிய ரக டிசி மின்விசிறி, டிரோன், மின்சைக்கிள். இவற்றுக்குள் பெரும்பாலும் சுழல்வது பிரஷ்லெஸ் மோட்டார். பழைய மோட்டாரில் கார்பன் பிரஷ் உராய்ந்து, சுருளுக்குச் சுருள் மின்சாரத்தை மாற்றிவிடும். புதியதில் பிரஷ் கிடையாது. அதன் வேலையைக் கண்ட்ரோலர் என்ற மின்சுற்றுப் பலகை செய்கிறது.

அந்தப் பலகையின் உழைப்பாளிகள் 6 மாஸ்ஃபெட்கள். மிக வேகமாக ஆன், ஆஃப் ஆகும் சுவிட்சுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் போகும் 3 ஒயர்களுக்கு 3 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம், மற்றது நெகட்டிவ் பக்கம். ஒரு ஜோடியில் இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகிவிட்டால், மின்சாரம் மோட்டாரைத் தொடாமல் நேராகப் பாய்ந்து ஷார்ட் ஆகிவிடும்.

பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கும் என் அக்கா மகன், 24 வோல்ட் மின்சைக்கிளுக்கு இப்படி ஒரு கண்ட்ரோலரைத் தானே செய்தான். மோட்டார் சுற்றத் தொடங்கிய சில நொடிகளில் புகை. ஜாலான் பாசாருக்குப் போய்ப் புதிய மாஸ்ஃபெட் வாங்கிப் பொருத்தினான், மறுபடியும் புகை. மூன்றாவது முறையும் அதே கதை. இரண்டு வாரம் புரோகிராமைத் திருத்திப் பார்த்தும் பயனில்லை. ஒப்படைக்க இன்னும் பத்து நாள்தான்.

"எனக்கு இதெல்லாம் வராது மாமா. தலைப்பையே மாத்திடுறேன்" என்றான்.

"எரிஞ்சது எப்பவும் ஒரே ஜோடியா, வேற வேறயா?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "மூணாவது ஜோடிதான்" என்றான்.

பதில் பாதி அதிலேயே இருந்தது. புரோகிராம் மூன்று ஜோடிக்கும் ஒன்றுதான். அது தவறென்றால் மற்ற இரண்டும் தப்பியிருக்காது. ஆகவே, கோளாறு மூன்றாவது ஜோடியைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, இன்னொரு செட் எரியாமல் சோதிக்க வழி வேண்டும். லாரிக்குப் போடும் 24 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றை பேட்டரிக்கும் மாஸ்ஃபெட் பகுதிக்கும் நடுவே தொடராக இணைத்தோம். ஷார்ட் ஆனாலும் பல்ப் எரியுமே தவிர, சுமார் 1 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தொடர்ந்து போகாது. மோட்டாரின் மூன்று ஒயர்களையும் கழற்றிவிட்டோம். இனி பல்ப் எரிந்தால் மோட்டார்மேல் பழிபோட முடியாது.

ஒவ்வொரு ஜோடியாக இயக்கினான். முதல் ஜோடிக்கு பல்ப் எரியவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதை இயக்கியதும் பளிச்சென்று எரிந்தது.

பேட்டரியைக் கழற்றி, மல்டிமீட்டரை எடுத்து, சரியாக இருக்கும் இரண்டு ஜோடிகளோடு மூன்றாவதை ஒப்பிட்டான். மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்கு முன்னால் ஒரு சிறு ரெசிஸ்டர் இருக்கும். மற்ற இடங்களில் எல்லாம் 22 ஓம். மூன்றாவது ஜோடியின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் 220 ஓம்! முன்னதன் நிறக்கோடுகள் சிவப்பு, சிவப்பு, கறுப்பு. பின்னது சிவப்பு, சிவப்பு, பழுப்பு. இரவு வெளிச்சத்தில் கறுப்பும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மாஸ்ஃபெட் ஆஃப் ஆக வேண்டுமானால், கேட்டில் தேங்கிய மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாக வெளியேற வேண்டும். தடை பத்து மடங்கானால் தாமதமும் கூடும். ஒன்று ஆஃப் ஆகி மற்றது ஆன் ஆவதற்குள் புரோகிராம் கொடுத்த இடைவெளி 1 மைக்ரோ வினாடிக்கும் குறைவு. கீழே உள்ளது முழுதாக ஆஃப் ஆகும் முன்பே மேலே உள்ளது ஆன் ஆகிவிட்டது. புதிதாக வாங்கிப் போட்ட ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் அந்த ரெசிஸ்டருக்குத்தான் பலியானது.

சில காசு பெறும் ரெசிஸ்டரை மாற்றினான். பல்ப் எரியவில்லை. மோட்டாரை இணைத்ததும் சத்தமில்லாமல் சுழன்றது. தலைப்பை மாற்றாமலேயே ஒப்படைத்தான்.

வீட்டில் இப்படிப் பலகையும் சாலிடரிங் அயர்னுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருந்தால், எரிந்ததை மாற்றும் முன் ஏன் எரிந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். கோளாறான பகுதிக்குப் பக்கத்திலேயே சரியாக ஓடும் பகுதி ஒன்று இருந்தால், அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் ஃபியூஸ் இல்லாமல் இணைக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அது இறங்கிவிட்டதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கூரை மின்விசிறியின் பலகைக்கு வருவது வீட்டு மின்சாரம். இந்தச் சோதனையை அதில் செய்யாதீர்கள்; அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.