பத்ருக் கைதியும் பதிலி ஆசிரியரும்

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு, கி.பி. 624இல் பத்ருப் போர் முடிந்தது. சிறைப்பட்டோருள் மீட்புத்தொகை செலுத்த வழியற்ற, ஆயினும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு வழி வகுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் விடுதலை! நேற்றுவரை வாளேந்தி எதிர்த்து நின்றவன் கற்பித்த கல்விக்கும் விலை இருந்தது. பேசிய விலை குறையாமல் கொடுக்கவும்பட்டது.

மீலாது மேடைதோறும் இந்நிகழ்ச்சியைப் பெருமிதத்துடன் எடுத்துரைக்கும் நாம், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதிலி ஆசிரியராக நிற்பவருக்கு என்ன விலை கொடுக்கிறோம்?

2022 ஜூனில் தமிழக அரசு தன் பள்ளிகளில் காலியாயிருந்த 13,331 ஆசிரியர் இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வாயிலாகத் தற்காலிகமாக நிரப்ப முற்பட்டது. இடைநிலை ஆசிரியருக்கு அறிவித்த தொகுப்பூதியம் மாதம் 7,500 ரூபாய், நாளொன்றுக்கு 250! அதே வகுப்பில் நிலையான பணிக்கு வருபவரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 20,600. பின்னர்த் தொகுப்பூதியம் உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் அந்த அடிப்படைச் சம்பளத்தை அது எட்டவில்லை.

பணியில் ஏதேனும் குறைவுண்டா? நிலையான ஆசிரியை பிரசவ விடுப்பில் செல்கிறார். அரசுப் பணியில் அவ்விடுப்பு 2021 முதல் 12 மாதம்; தாய்மைக்குரிய அவ்வுரிமை போற்றத்தக்கதே. அந்த ஓராண்டும் வகுப்பைத் தாங்க வருபவர் பதிலி ஆசிரியர். எந்தப் பாடம் நடந்தது, எது விடுபட்டது, எந்தப் பிள்ளை எங்கே பின்தங்கி நிற்கிறது என்று அவருக்குச் சொல்வாரில்லை. பிள்ளைகளோ, "எங்கள் டீச்சர் வந்ததும் நீங்கள் போய்விடுவீர்களா?" என்று முதல் நாளே கேட்டு விடுகின்றனர். அக்கேள்வியைச் சிரித்த முகத்துடன் தாங்கிக்கொண்டுதான் அவர் கரும்பலகையின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. தேர்ச்சி குறைந்தால் பழி அவருக்கு. கூடினால் புகழ் பள்ளிக்கு. கோடையில் பள்ளிக்கு விடுமுறை, ஊதியத்துக்கும் விடுமுறை. பசிக்கு மட்டும் விடுமுறை இல்லை.

"தற்காலிகம்தானே!" என்பர் சிலர். பணி தற்காலிகமாயிருக்கலாம், அதன் பயன் தற்காலிகமானதா? நான்காம் வகுப்பில் கற்ற வகுத்தல் கணக்கு மாணவனுடன் ஆயுள் முழுதும் வருகிறதே! ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியக் கோட்பாடு பொருந்தும் என்று பஞ்சாப் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது; ஊதியம் எட்டாத தொலைவில் இருக்கிறது.

அரசைச் சுட்டிய விரலை இனி நம்மை நோக்கித் திருப்புவோம். நம் சமுதாயப் பெருமக்கள் நடத்தும் பள்ளிகள் சிலவற்றிலும் விடுப்பு இடத்துக்கு வருபவருக்கு நியமன ஆணை இல்லை. ஊதியத்துக்குத் தேதி இல்லை. ஆண்டுவிழாப் பந்தலுக்கு மனமுவந்து அள்ளித் தரும் கை, ஆசிரியைக்கு எண்ணிக் கொடுக்கையில் நடுங்குகிறது. "சேவையாக நினைத்துச் செய்யுங்கள்" என்று அறிவுரையும் கிடைக்கிறது. சேவை செய்வது அவரவர் விருப்பம். பிறரைச் சேவை செய்யச் சொல்லிக் கூலியைக் குறைப்பது அநீதி. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த நபியின் உம்மத்தினர் நாம் என்பதை மறக்கலாமா?

நாம் கேட்பது தருமம் அன்று. பதிலி ஆசிரியருக்கு எழுத்தில் நியமன ஆணை வேண்டும். குறித்த தேதியில் ஊதியம் வேண்டும். அதே வேலைக்கு அதே அளவு ஊதியம் வேண்டும். விடுமுறை மாதத்திலும் அது நிற்கலாகாது. அரசு செய்யட்டும் என்று காத்திராமல் நம் பள்ளிகள் இதைத் தொடங்கிவைத்தால் என்ன?

பத்ருக் கைதி பத்துப் பேருக்குக் கற்பித்து விடுதலையானான். நாற்பது பேருக்குக் கற்பிக்கும் நம் ஆசிரியையோ வறுமையின் சிறையிலேயே இருக்கிறார். அச்சிறையின் திறவுகோல் நம் கையில் அன்றோ இருக்கிறது!