ஓர் இரவு தங்க ஓர் அறை



மருத்துவத்துக்கோ தேர்வுக்கோ குடும்பத்தோடு சென்னை வரும் வெளியூர்க்காரர்களுக்கு ஓர் இரவு தங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பெரும்பாலும் ஆண்களுக்கானவை. அரசின் ‘தோழி’ விடுதிகள் பெண்களுக்கு உதவுகின்றன. ஆனால் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வருபவர்கள் அங்கே சேர்ந்து தங்க முடியாது. ரயில் நிலைய ஓய்வறைகள் மலிவானவைதான். ஆனால், பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால்தான் முன்பதிவு செய்யலாம். பேருந்தில் வருபவர்களுக்கு அந்த வழியும் இல்லை. எஞ்சுவது எழும்பூர், பெரியமேடு லாட்ஜ்கள். அங்கே கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். முகூர்த்த நாள்களில் வாடகையும் ஏறிவிடுகிறது.

நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2022 ஜூலை வரை ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த விலக்கை மீண்டும் தர வேண்டும். சென்னை சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு அருகிலும், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் நான்கு பேர் தங்கும் குடும்ப அறைகளை அரசு குறைந்த வாடகையில் நடத்தலாம். லாட்ஜ் வாசலில் கட்டணப் பலகை வைப்பதைக் கட்டாயமாக்கினால், நள்ளிரவில் பிள்ளைகளோடு நின்று பேரம் பேசும் அவதியாவது குறையும்.

– ஒரு வாசகர், தென்காசி