பழைய சைக்கிளும் பிள்ளை வண்டியும்

பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வாசகர் ஒருவர் வினா விடுத்திருக்கிறார். தகப்பனார் ஓட்டிய சைக்கிள் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. ட்ரெய்லர் எனப்படும் இருசக்கரப் பின்வண்டியை அதில் பூட்டி, தம் பிள்ளையை லயத்திலிருந்து பிள்ளை மடுவத்துக்கும், சில நாட்களில் பட்டணத்துக்கும் இழுத்துச் செல்லலாமா என்று கேட்கிறார். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றபோது, மூலையில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் பல மறுபடியும் வீதிக்கு வந்தன. இத்தகைய எண்ணம் வேறு இல்லங்களிலும் எழுந்திருத்தல் கூடும். ஆகவே அவருக்குரிய விடையை எல்லோருக்கும் பொதுவாகவே இங்கு கூறுவோம்.

பழைய சைக்கிளுக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். ராலி, ஹம்பர் முதலிய இங்கிலாந்துச் சைக்கிள்களின் உருக்குச் சட்டம் எளிதில் தளர்வதன்று. பின்வண்டியின் கொண்டியைப் பெரும்பாலும் பின்சக்கரத்து அச்சிலேதான் பூட்டுவார்கள். பழைய சைக்கிளில் அந்த அச்சு திண்ணிய இரும்பாய், இருபுறமும் நட்டுக் கொண்டு இறுக்கப்படுவதாய் இருப்பது நன்மையே. கொண்டியை வைத்தபின் நட்டை முழுதும் முறுக்குவதற்கு மரை மிஞ்ச வேண்டும். சட்டத்தின் பொருத்துகளில் வெடிப்போ, வண்ணத்தின் கீழே பொருமிய துருவோ, அச்சில் வளைவோ உண்டா என்பதையும் சைக்கிள் திருத்துபவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். இவற்றில் குறையில்லையாயின், பிள்ளையை இழுப்பதற்கு வேண்டிய வலிமை அந்தச் சைக்கிளுக்கு உண்டு.

ஆனால் மலைநாட்டில் வாழ்வோர் கேட்க வேண்டியது, அதற்கு நிற்கும் வலிமை உண்டா என்பதே.

பழைய சைக்கிள்களிற் பெரும்பாலானவை கம்பி பிரேக் உடையவை. கைப்பிடியை அழுத்தினால், ரப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அமர்ந்து பிடிக்கின்றன. ரிம்மோ பளபளக்கும் முலாம் பூசிய உருக்கு. உலர்ந்த நாளில் அது ஒருவாறு பிடிக்கும். மழையில் நனைந்தாலோ பிடிப்பு பன்மடங்கு குறைந்துவிடும். இஃது அந்த உலோகத்தின் இயல்பு. புதிய கட்டை போட்டாலும் முற்றாக நீங்காது. ஐப்பசி தொடங்கித் தை வரை ஊவாவில் வாடைக்கால மழை பெய்யும் பருவத்தை எண்ணிப் பாருங்கள்.

சரிவு செய்யும் வேலையை ஒரு கணக்கால் காண்போம். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 20, பின்வண்டி 15, பிள்ளை 15 எனக் கொண்டால் மொத்தம் 115 கிலோவாகும். பத்து அடிக்கு ஓர் அடி சரியும் தோட்டப் பாதையில் இந்தப் பாரம், 11½ கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டாற்போல இடைவிடாது கீழ்நோக்கி இழுக்கும். மலைநாட்டுப் புகையிரதப் பாதையை வகுத்தவர்கள், 44 அடிக்கு ஓர் அடிக்கு மேற்பட்ட ஏற்றம் ஆகாதென்று வரம்பு கட்டினார்கள். அந்த வரம்பைக் காக்கும் பொருட்டே தெமோதரையில் பாதை வளைந்து சுற்றிவந்து, தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது. அவ்வாறு சுற்றித்தான் 1924 ஆம் ஆண்டில் அது பதுளையை அடைந்தது. நம் தோட்டப் பாதையின் சரிவோ அதனினும் நான்கு மடங்குக்கு மேல்.

ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்லலாம், வியர்வையோடு போயிற்று. இறக்கத்தில் பின்வண்டி சைக்கிளைப் பின்னாலிருந்து உந்தும்; வளைவில் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பெரும்பாலான பின்வண்டிகளுக்கு ஓடும்போது பிடிக்கும் பிரேக் கிடையாது.

மிதியைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கை மாட்டிக்கொள்ளலாமே என்று சிலர் கூறுவர். அது மழைக்கு அஞ்சாது என்பது உண்மையே. ஆயினும் கலிபோர்னியாவில் 1976 இல் இளைஞர் சிலர் நடத்திய பந்தயத்தை அறிதல் நலம். பழைய சைக்கிள்களில் ஏறி, மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதையில் ஏறத்தாழ 400 மீட்டர் கீழே பாய்ந்தார்கள். அடிவாரம் சேரும்போது பிரேக்கின் உள்ளே இருந்த கிரீஸ் வெந்து புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கே ‘மறுபடி அடைத்தல்’ என்று பொருள்படும் ரீபேக் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் பின்னால் பிள்ளை வண்டி இருக்கவில்லை.

இதே பதுளை மாவட்டத்தில் மகியங்கனை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் வயல் சூழ்ந்த சமவெளி அது. அங்குள்ளவர் இதே சைக்கிளைப் பற்றிக் கேட்டிருப்பின், உலர்ந்த நாளில், வாகன நெருக்கமில்லாத பாதையில், மெதுவாகச் செல்லலாம் என்றே விடை கூறியிருப்போம். ஆனால் பிள்ளையை இருத்துமுன், அதன் எடைக்கு ஈடான அரிசி மூட்டையைப் பின்வண்டியில் வைத்துக் கட்டி, ரிம்மில் தண்ணீர் ஊற்றி, பிரேக் பிடித்துப் பாருங்கள். நினைத்த இடத்தில் நிற்கவில்லையாயின் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையை எந்த வண்டியிலும் இவ்வாறு ஏற்றலாகாது. பின்வண்டி தாழ்வானது, பேருந்து ஓட்டுபவரின் கண்ணில் படும்படி உயர்ந்த கொடியொன்று கட்ட வேண்டும். சமதரைகள் மிகுந்த ஜெர்மனியிலேயே ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவருக்கு மேல் ஏற்றலாகாதென்றும், ஓட்டுபவருக்குப் பதினாறு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்றும் சட்டம் உண்டு.

தோட்டத்து அன்பருக்கு நமது விடை இதுதான்: பின்வண்டி வேண்டாம். தகப்பனாரின் சைக்கிளைத் துடைத்து எண்ணெயிட்டு, கடைக்குச் சென்று சாமான் கொண்டுவரத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பிள்ளை மடுவத்துக்கு இடுப்பிலே தூக்கிச் செல்லுங்கள். பட்டணத்துக்குப் பேருந்திலே அழைத்துச் செல்லுங்கள். சிறிது நேரம் கூடுதலாகச் செல்லும், அவ்வளவே.