எலக்ட்ரீசியன் தம்பிகள் எந்த ஊரில் குடியிருக்கலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்று எலக்ட்ரீசியன்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் கேட்பது ஒன்றுதான்: "சார், சென்னையில கட்டுப்படியாகல. எந்த ஊர்ல வாடகை கம்மி?"

வாடகையை மட்டும் வைத்து எலக்ட்ரீசியன் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆபீஸ் வேலைக்காரருக்குச் சம்பளம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. இவனுக்கு நூறு வீட்டிலிருந்து வருகிறது. அந்த நூறு வீட்டுக்கும் பக்கத்தில் இவன் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம், வாத்தியார் புத்தி. தியாகராய நகர் பக்கம் வேலை பார்ப்பவன், 5,000 ரூபாய் மிச்சமாகும் என்று கூடுவாஞ்சேரியில் வீடு பிடிக்கிறான். போக வர சுமார் 70 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டி, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் தினம் 155 ரூபாய். 25 நாளைக்கு ஏறக்குறைய 3,900. கையில் நிற்பது 1,100. அதற்குத் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறது. மின்சார ரயிலில் போகலாமே என்பீர்கள். ஏணியையும் பைப் கட்டையும் தூக்கிக்கொண்டு காலை நேர ரயிலில் ஏறிப் பாருங்கள்!

இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வீட்டில் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது. பத்து நிமிடத்தில் வந்து நிற்பவனின் நம்பரைத்தான் அந்த அம்மா எழுதி வைப்பார். பிறகு மகள் வீடு கட்டும்போது முழு ஒயரிங்கும் அவனுக்கே. தூரத்தில் இருப்பவன் "காலையில வரேம்மா" என்பான். காலையில் வேறு ஆள் வந்து முடித்திருப்பான்.

எனவே நான் சொல்வது: கல்யாணத்துக்கு முன் இரண்டு மூன்று வருடம் சென்னையிலோ கோவையிலோ காண்ட்ராக்டரிடம் தொழில் கற்றுக்கொள். கோவை என்றால் மோட்டார் ரீவைண்டிங்கும் சேர்த்துக் கற்கலாம், பம்ப்செட் ஊர் அது. ஓசூர், ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை கிடைப்பவனுக்கு நல்லது. வீட்டு வேலை செய்பவனுக்கு அவ்வளவு இல்லை.

குடும்பத்தோடு தங்க நான் கைகாட்டுவது திருச்சி. ஸ்ரீரங்கத்தில் பழைய வீடுகள், பழைய ஒயரிங். ரிப்பேர் வேலை ஓயாது. பஞ்சப்பூர் பக்கம் புது வீடுகள். துவாக்குடியில் பெல் நிறுவனத்தைச் சுற்றிச் சிறு பட்டறைகள். எல்லாமே வண்டியில் போய் வரும் தூரம். கம்பியாள் தகுதிச் சான்றிதழ் மாநிலம் முழுவதும் செல்லும். ஊர் மாறினால் வேறு வாங்க வேண்டியதில்லை. அதை வாங்காமலே காலம் தள்ளும் தம்பிகள் முதலில் அதை வாங்குங்கள்.

வீடு பார்க்கும்போது தரைத்தளமாகப் பார். ஏணியும் பைப்பும் மாடிப்படியில் கிடந்தால் வீட்டுக்காரர் இரண்டாம் மாதமே முகம் சுளிப்பார். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால், 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை நினைவூட்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைதான். தனி ஈ.பி. இணைப்பு உண்டா என்றும் கேள். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில், அரசு தரும் 100 யூனிட் இலவசம் உன் கைக்கு வராது. ஊருக்கே மீட்டர் மாட்டுகிறவன் இதில் ஏமாறலாமா?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அந்தப் பகுதியில் உள்ள எலக்ட்ரிக்கல் கடையில் போய் அரை மணி நேரம் உட்கார். சுவிட்ச் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் "மாட்ட ஆள் இருக்கா?" என்று கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார். பிறகு வீடு தேடலாம்.